ஆட்டுக்கு ஒரு நியாயம், ஆளுக்கு ஒரு நியாயம்!

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வேப்பூர் கூட்டு ரோட்டில் நீங்கள் தனியாக நிற்க முடியாது. பக்கத்தில் ஓர் ஆடு நிற்கும். அது உங்கள் சட்டைப் பையை மோந்து பார்க்கும். எங்கள் ஊர் சந்தை அப்படி. சென்னை - திருச்சி ரோடும், விருத்தாசலம் - சேலம் ரோடும் வெட்டிக்கொள்கிற இடமாச்சே! நாலு திசையிலிருந்தும் ஆடாக வரும். நாலு திசைக்கும் பிரியாணியாகப் போகும்.

போன வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். சின்னவனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் முறையில் கிடா வாங்கித் தர மச்சான் வந்திருந்தார். கூடவே என் வீட்டம்மா. அவள் ஆடு வளர்த்த குடும்பம். நானோ பி.காம். ஆட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்தான். ஒன்று, 'மே' என்று கத்தும். இரண்டு, கிலோ என்ன விலை.

தரகர் மச்சானின் கையைப் பிடித்துத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். உள்ளே விரல்கள் ரகசியம் பேச ஆரம்பித்தன.

"காயடிச்ச கிடாங்க. வாடை அடிக்காது. கறி மெத்துனு இருக்கும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "எல்லாக் கிடாவுக்கும் அடிச்சிடுவாங்களா?" என்றேன்.

"பொலிக்கு ஒண்ணு ரெண்டு விட்டுட்டு மத்ததுக்கு அடிச்சிருவோம் தம்பி. சண்டை சச்சரவு இருக்காது. சீக்கிரம் சதை வெக்கும்."

"பெட்டை ஆட்டுக்கு எதுவும் பண்ண மாட்டீங்களா?"

தரகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'படிச்சவன் போலிருக்கு' என்கிற பார்வை. "அதுக்கு எதுக்குத் தம்பி? கிடாவுக்குப் பண்றதுதானே சுளுவு?"

அவ்வளவுதான். வீட்டம்மா பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுக்கிட்டீங்களா? ஆடு வளக்கறவருக்குத் தெரியுது, கிடாவுக்குப் பண்றதுதான் சுளுவுன்னு. நம்ம வீட்ல மட்டும் மாமியார்லேர்ந்து நர்ஸம்மா வரைக்கும் எல்லாரும் என்னையே பாக்குறாங்க!"

தரகருக்குப் புரை ஏறியது. துண்டுக்குள் விரல் தடுமாறி விலையில் ஐந்நூறு ரூபாய் குறைந்தது. மச்சான் அந்தச் சாக்கில் பேரத்தை முடித்துவிட்டார். ஆடு மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பார்வையில் ஓர் அனுதாபம் இருந்ததாக எனக்குத் தோன்றியது.

வீட்டம்மாவின் கோபத்துக்கு ஒரு பூர்வ கதை உண்டு. சொல்கிறேன்.

சின்னவன் பிறந்த பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பெயர் 'சாயா'. (டீக்கடை சாயா இல்லை; இந்தியில் நிழல் என்று அர்த்தமாம்.) முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. இலவசம். இது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்தால் தப்பு. லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில், நித்யா ஆனந்த் என்ற விஞ்ஞானியின் குழு கண்டுபிடித்தது. (நித்யா என்றதும் பெண் என்று நினைக்க வேண்டாம். ஆண்தான். 2024 ஜனவரியில், 99 வயதில் காலமானார்.) மருந்தின் பெயர் சென்ட்குரோமன். 1991-ல் 'சஹேலி' என்ற பெயரில் கடைக்கு வந்தது. சஹேலி என்றால் தோழி. பின்னால் அரசுத் திட்டத்தில் சேர்ந்து 'சாயா' ஆனது. தோழி, நிழல் என்றெல்லாம் பேர் வைத்தவர்கள் இதுவரை ஒரு மாத்திரைக்கும் 'புருஷன்' என்று பேர் வைக்கவில்லை. காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

நல்ல மாத்திரைதான். ஆனால் சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப் போகும். நர்ஸம்மா சொல்லித்தான் அனுப்பினார். சொன்னது வேறு, நடந்தபோது இருந்தது வேறு. நாலு மாதத்துக்கு முன்னால் வீட்டம்மாவுக்குப் பன்னிரண்டு நாள் தள்ளிப் போனது. தினசரி காலண்டரில் தாள் கிழிக்கிற வேலையை என்னிடமிருந்து அவளே வாங்கிக்கொண்டாள். மருந்துக் கடையில் ஒரு பட்டை வாங்கி வந்து பரிசோதித்தோம். ஒற்றைக் கோடுதான். அவள் நம்பவில்லை. மறுபடி ஒன்று வாங்கினோம். மறுபடியும் ஒற்றைக் கோடு. பன்னிரண்டாம் நாள் சாயந்திரம் கொல்லைப்புறத்திலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து விளக்கேற்றினாள். எனக்கு விஷயம் புரிந்தது.

அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். அதுதான் விஷயம்.

அன்று ராத்திரி கேட்டாள்: "ஏங்க, ஆம்பளைங்களுக்கு இந்த மாதிரி மாத்திரை ஒண்ணும் கண்டுபிடிக்கலியா?"

"கண்டுபிடிச்சிக்கிட்டே இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டேன். சொன்ன பிறகு மனசு உறுத்தியது. கண்டுபிடிக்கிறார்களா, இல்லையா? தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன். பயப்படாதீர்கள், காமர்ஸ்காரன் பாஷையில்தான் சொல்வேன்.

எங்கள் பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறைகள் உண்டு. அதில் ஒன்றுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். உள்ளே போனால் அலமாரி முழுக்க அச்சுகள். பிள்ளையார் அச்சு, யானை அச்சு, தலையாட்டிச் செட்டியார் அச்சு. மண் கரைசலை ஊற்றினால் பொம்மை. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இதே மாதிரி ஓர் அலமாரி இருக்கிறது. அதில் சுமார் 20,000 அச்சுகள். அவற்றைத்தான் ஜீன் என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் கண்ணில் இருக்கிற செல்லிலும், காலில் இருக்கிற செல்லிலும் ஒரே அலமாரிதான். அப்புறம் ஏன் காலில் கண் முளைப்பதில்லை?

மேஸ்திரி! எந்தப் பட்டறையில் எந்த அச்சை எப்போது இறக்குவது என்று சொல்ல ஒரு மேஸ்திரி வேண்டும். உடம்பிலும் உண்டு. டி.என்.ஏ.வின் மேல் போய் உட்கார்ந்துகொண்டு 'இந்த ஜீனை எடு, அதை மூடு' என்று உத்தரவு போடுகிற புரதங்கள். 'டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்' என்று விஞ்ஞானிகள் வாய் வலிக்கச் சொல்வார்கள். நாம் மேஸ்திரி என்றே வைத்துக்கொள்வோம். மனித உடம்பில் சுமார் 1,600 பேர் இருக்கிறார்கள். சில மேஸ்திரிகள் தானாக வேலை செய்ய மாட்டார்கள். முதலாளியிடமிருந்து சீட்டு வர வேண்டும். சீட்டு சட்டைப் பையில் விழுந்தால்தான் அச்சை இறக்குவார்கள்.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அப்படி ஒரு சீட்டு. சாயா மாத்திரை என்ன செய்கிறது? கிட்டத்தட்ட அதே சைஸில் ஒரு வெற்றுக் காகிதமாகப் போய் மேஸ்திரியின் பையில் உட்கார்ந்துகொள்கிறது. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிறோமே, அந்த டெக்னிக்தான்! நிஜச் சீட்டு வந்து பார்க்கிறது, இடம் இல்லை. கர்ப்பப்பை கருவை வரவேற்கத் தயாராவதில்லை. இதில் இன்னொரு நுணுக்கம். இதே மாத்திரை எலும்புப் பக்கம் போனால் தடுக்காமல், லேசாக ஈஸ்ட்ரோஜன் மாதிரியே வேலை பார்க்கிறது. ஒரே ஆள், ஒரு ஆபீஸில் முறைப்பு, இன்னொரு ஆபீஸில் சிரிப்பு. நம்ம ஹெட்கிளார்க் மாதிரி!

சரி, ஆண்கள் பட்டறைக்கு வருவோம்.

பெண்ணுக்கு மாதம் ஒரு முட்டை. ஆணுக்கு நொடிக்கு ஆயிரத்துக்கும் மேல் விந்தணு. மாதம் ஒரு பீஸ் தயாரிக்கிற கம்பெனியை நிறுத்துவது சுலபமா, ராத்திரி பகல் மூன்று ஷிஃப்ட் ஓடுகிற ஃபாக்டரியை நிறுத்துவது சுலபமா? அதனால்தான் முதலில் பெண்கள் பக்கம் போனோம் என்று விஞ்ஞானிகள் சொல்வார்கள். அமெரிக்காவில் பெண்களுக்கான மாத்திரைக்கு 1960-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. நியாயமான காரணம்தான். ஆனால் அறுபது வருஷத்துக்கு மேலாக அதே காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தால் அது காரணமில்லை, சாக்கு.

ஆண்கள் ஃபாக்டரியில் ஒரு மேஸ்திரி இருக்கிறார். அவருக்கு வர வேண்டிய சீட்டு எங்கேயிருந்து வருகிறது தெரியுமா? முருங்கைக்கீரையிலிருந்து! கீரை, கேரட், ஈரல் இவற்றிலிருந்து வைட்டமின் ஏ கிடைக்கிறது. உடம்பு அதை ஒரு அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம்தான் சீட்டு. வைட்டமின் ஏ இல்லாத தீனி போட்டால் எலிகளின் விதையில் விந்தணு உற்பத்தி நின்றுவிடுகிறது என்று 1925-லேயே வோல்பாக், ஹோவ் என்ற இருவர் எழுதிவிட்டார்கள். 1993-ல் பிரான்ஸில் பியர் ஷாம்போனின் குழு அந்த மேஸ்திரியின் ஜீனையே எடுத்துவிட்டு எலிகளை வளர்த்தது. ஆண் எலிகள் பிள்ளையில்லாமல் நின்றன. மேஸ்திரியின் பெயர் 'ஆர்.ஏ.ஆர். ஆல்பா'. கூடப் பிறந்தவர்கள் பீட்டா, காமா.

(இதைப் படித்துவிட்டு முருங்கைக்கீரையை நிறுத்திவிடாதீர்கள். பிள்ளை நிற்கிறதோ இல்லையோ, முதலில் கண் போய்விடும்.)

நடுவில் ஒரு தமாஷ். 1960-ஐ ஒட்டி அமெரிக்காவில் 'வின் 18,446' என்ற மாத்திரையைச் சிறைக் கைதிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். (கம்பிக்குள் இருப்பவனிடம் சம்மதம் வாங்குவது எந்த வகைச் சம்மதம் என்று அப்போது யாரும் ரொம்பக் கவலைப்படவில்லை.) விந்தணு எண்ணிக்கை அமோகமாகக் குறைந்தது. மாத்திரையை நிறுத்தினால் திரும்ப வந்தது. 'ஆகா, ஜெயித்துவிட்டோம்!' என்று நினைத்தபோது வந்தது வினை. மாத்திரை சாப்பிட்டவர்கள் மதுவைத் தொட்டால் முகம் சிவக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வாந்தி எடுக்கிறது. வைட்டமின் ஏ-யை அமிலமாக்குகிற என்ஸைமை இந்த மாத்திரை தடுக்கிறது. அதே குடும்பத்து என்ஸைம்தான் கல்லீரலில் சாராயத்தையும் செரிக்க வைக்கிறது. இரண்டுக்கும் சேர்த்துப் பூட்டு! திட்டத்தைக் கைவிட்டார்கள். நம் ஊரில் அந்த மாத்திரையைக் கொண்டு வந்தால் குடும்பக் கட்டுப்பாடும் மதுவிலக்கும் ஒரே செலவில் முடியும். ஆனால் டாஸ்மாக் வருமானத்துக்கு யார் பதில் சொல்வது?

அடுத்து ஹார்மோன் ஊசி. உலக சுகாதார நிறுவனம் சேர்ந்து நடத்திய சோதனையில் 320 ஆண்கள். ஊசி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சிலருக்கு முகப்பரு, சிலருக்கு மனச்சோர்வு. 'போதும், நிறுத்து' என்று 2011-ல் ஊசி போடுவதை நிறுத்திவிட்டார்கள். முடிவுகள் 2016-ல் வெளிவந்தபோது பல நாட்டுப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். ஏன் தெரியுமா? அவர்கள் மாத்திரை அட்டையோடு வரும் தாளில் அதே முகப்பருவும் மனச்சோர்வும் ரொம்ப வருஷமாக அச்சிட்டு வந்துகொண்டிருக்கின்றன. வீட்டம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "மொகத்துல பரு வந்ததுக்கா நிறுத்தினாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது புது ஆட்டம். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் குண்டா ஜார்ஜ் என்ற பெண் விஞ்ஞானியின் குழு ஒரு வெற்றுச் சீட்டைத் தயார் செய்திருக்கிறது. பெயர் 'ஒய்.சி.டி. 529'. ஆல்பா மேஸ்திரியின் பையில் மட்டும் போய் உட்காரும். பீட்டா, காமாவை அநேகமாகத் தொந்தரவு செய்யாது. ஹார்மோனைத் தொடுவதில்லை. மீசை, குரல், மற்ற சமாசாரங்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்படிதான் யோசித்திருக்கிறார்கள். எலிகளில் 99 சதவிகிதம் பலித்தது, நிறுத்திய 4 முதல் 6 வாரத்தில் எலிகள் மறுபடி அப்பாவாகின என்று 2022-ல் அறிவித்தார்கள். 2025 ஜூலையில் மனிதர்களின் முதல் சோதனை முடிவு வந்தது. 16 ஆண்கள். எல்லோருமே ஏற்கனவே வாசக்டமி செய்துகொண்டவர்கள்! அதாவது கருத்தரிப்பு நிற்கிறதா என்பதற்கான பரீட்சையே இல்லை அது. உடம்பு தாங்குகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். தாங்கியது. நாள் கணக்கில் சாப்பிட்டுப் பார்க்கும் அடுத்த கட்டம் நியூசிலாந்தில் 2024-ல் தொடங்கியது.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டம்மாவிடம் உற்சாகமாக விளக்கினேன். மேஸ்திரி, சீட்டு, துண்டு எல்லாம் போட்டு. பொறுமையாகக் கேட்டாள்.

"சரி, எப்ப கடைக்கு வருமாம்?"

"இன்னும் சில வருஷம் ஆகும்."

"அதுவரைக்கும்?"

நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

சந்தையில் அவள் வெடித்தது அந்த 'அதுவரைக்கும்' தான்.

அதுவரைக்கும் என்ன என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வாசக்டமி. தழும்பில்லாத முறை வந்துவிட்டது. தையல்கூட இல்லை. சில நிமிஷ வேலை. அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். பெண்களுக்குச் செய்கிற ஆபரேஷனில் வயிற்றைத் திறக்க வேண்டும். இதில் அந்த வேலையே கிடையாது. அப்படியிருந்தும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு என்ன சொல்கிறது? இந்தியாவில் திருமணமான பெண்களில் 37.9 சதவிகிதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட கணக்கு 0.3 சதவிகிதம். நான் கணக்கு எழுதுகிறவன், சார். இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட்டைக் கொண்டு போனால் ஆடிட்டர் என் முகத்தில் விசிறி எறிவார்.

ஒரு காலத்தில் இப்படி இல்லை. ஆண்கள் செய்துகொண்டுதான் இருந்தார்கள். எமர்ஜென்ஸி வந்தது. 1976-77 ஒரே வருஷத்தில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்கள். வட இந்தியாவில் பலரைப் பிடித்து இழுத்துப் போனார்கள். அந்தப் பயம் தேசத்தின் வேட்டி மடிப்பில் அப்படியே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு கணக்கு முழுக்கப் பெண்கள் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஆனால் என் பயம் எமர்ஜென்ஸிப் பயம் இல்லை. நான் அப்போது பிறக்கவே இல்லை. என் பயம் சந்தையில்தான் எனக்கே புரிந்தது. அந்தக் கிடாவைப் பார்த்தபோது அடிவயிற்றில் சுருக்கென்றதே, அதுதான். 'காயடிக்கிறதும் இதுவும் ஒண்ணுதானே?' என்று உள்ளே ஒருத்தன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். பி.காம். படித்தவனுக்குள்ளேயே கேட்கிறான்.

ஒண்ணு இல்லை. காமர்ஸில் சொல்கிறேன், கேளுங்கள். கிடாவுக்குச் செய்வது ஃபாக்டரியையே இடிப்பது. ஆண் ஹார்மோனும் அதோடு போய்விடும். அதனால்தான் கிடா சாதுவாகிச் சதை வைக்கிறது. வாசக்டமி ஃபாக்டரியைத் தொடுவதே இல்லை. சரக்கு போகிற ரோட்டை மட்டும் அடைக்கிறது. ஃபாக்டரி ஓடும், ஹார்மோன் ரத்தத்தில் கலக்கும், முதலாளி முதலாளியாகவே இருப்பார். லாரி மட்டும் போகாது. ஆணுறை என்பது செக்போஸ்ட். நாளைக்கு வரப்போகிற மாத்திரை, மேஸ்திரி பையில் வெற்றுச் சீட்டு. நாலும் நாலு வேறு விஷயம். நாலையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, வீட்டுக்காரியைக் காலண்டர் தாளைக் கிழிக்க விட்டுவிட்டுத் தூங்குகிறோம்.

காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. மச்சான் வாங்கிய கிடா நிஜமாகவே மெத்துனு இருந்தது. நான் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டம்மா கவனித்தாள். ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

மறுநாள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தேன். டாக்டர் ரொம்பச் சாதாரணமாகப் பேசினார். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பளு தூக்கக் கூடாது, மூன்று மாதம் வேறு பாதுகாப்பு, அப்புறம் ஒரு பரிசோதனை. அதில் அணு இல்லை என்று வந்தால்தான் கணக்கு முடிந்தது. "நிரந்தரம்னு நினைச்சுட்டுத்தான் வரணும். யோசிச்சீங்களா?" என்றார்.

"பன்னிரண்டு நாள் யோசிச்சேன் சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். பட்டறையில் லீவு சொன்னேன். "வெள்ளிக்கிழமை எதுக்குப்பா லீவு?" என்றார் முதலாளி.

எவ்வளவு எழுதுகிறேன், எவ்வளவு விளக்குகிறேன்! அவர் நேராகக் கேட்டபோது வாய் வரவில்லை.

"வேப்பூர் சந்தைக்குப் போகணும் சார்" என்று சொல்லிவிட்டேன்.